சார்கோசைஃபேசிக்கு, புனேயிலிருந்து



கிண்ணப் பூஞ்சைகளில் நீ ஒரு குடும்பம். மழையில் ஊறிக்கிடக்கும் கிளைகளின்மேல் சிவப்பாகவும் ரோஜா நிறத்திலும் ஆரஞ்சாகவும் வாய்திறந்து நிற்கும் சின்னஞ்சிறு கிண்ணங்கள் உன் பிள்ளைகள். அவை எந்தக் காலத்திலிருந்தோ காட்டில் இருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று கண்டு உன்னைக் குடும்பமாக நிறுத்தியவர்கள் மனிதர்கள். பல தேசத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தும் வரைந்தும் வாதாடியும் அழித்துத் திரும்ப எழுதியும் உன்னை ஆக்கினார்கள். கிண்ணங்களை உறவாக்கிப் பார்க்கச் சொல்லித்தந்த அந்த வகைப்பாட்டுக்குத்தான், உனக்குத்தான், இந்த மடல்.

சார்கோசைஃபேசி, உன்னை அறிவதற்கு முன்பே உன் தூரத்து உறவு ஒன்றை எனக்குத் தெரியும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பி.எஸ்சி. தாவரவியல் படித்த யாரைக் கேட்டாலும், 'பெசைசா' என்றதும் ரெக்கார்டு நோட்டும் எச்.பி. பென்சிலும் நினைவுக்கு வரும். கிண்ணத்தின் நெடுக்குவெட்டை வரைந்து, ஆஸ்கஸ் என்று ஒரு கோடும் பாராஃபைசிஸ் என்று ஒரு கோடும் இழுத்து, மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுவோம். பழைய பெர்மனன்ட் ஸ்லைடில் சாயம் ஏறிக் கிடந்த ஒரு பிறைதான் எங்களுக்குப் பெசைசா. புனேயில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்க வந்தபின் அதே படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். அந்தப் படத்துக்கு உயிர் தந்தது நீ. நான் கையில் வாங்கி, பிளேடால் மெல்லியதாகச் சீவி, லாக்டோஃபீனால் காட்டன் ப்ளூவில் போட்டு, கவர் ஸ்லிப் மூடிப் பார்த்த முதல் கிண்ணம் உன்னுடையது.

அது வந்த வழியையும் சொல்ல வேண்டும், சார்கோசைஃபேசி, ஏனென்றால் உன்னிடம் நான் பட்ட கடனில் இன்னும் சிலருக்குப் பங்கு உண்டு. புனேக்கு மேற்கே முள்ஷி தாலுகாவில், தாம்ஹினி மலைச்சரிவை ஒட்டி, ஊருக்கு ஊர் தேவ்ராய் உண்டு. நம் புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோயில் காடுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். சாமிக்கு விட்ட காடு. அதில் கத்தி படக்கூடாது. புனேயின் தாவரவியலாளர் வி. டி. வர்தக்கும் சூழலியலாளர் மாதவ் காட்கிலும் சேர்ந்து 1970-களில் இந்தத் தேவ்ராய்களைத் தேடித் தேடிப் பதிவுசெய்தார்கள். பல தோப்புகளில் விழுந்த சுள்ளியைக்கூட எடுக்கமாட்டார்கள் என்பதை அவர்கள் எழுத்தில் படித்தபோது எனக்கு அது பக்தியின் கணக்காக மட்டுமே தெரிந்தது. ஆடி மழையில் வாக்ஜாய் தேவியின் தேவ்ராய் ஒன்றுக்குள் நின்றபோது அது உன் வீட்டுக் கணக்கும்தான் என்று புரிந்தது. நீ வாழ்வது உயிர்மரத்தில் இல்லை. விழுந்து, நனைந்து, மக்கத் தொடங்கிய கிளையில்தான் நீ வாழ்கிறாய். அடுப்புக்குப் போகாத சுள்ளி இருந்தால்தான் உனக்கு நிலம். அந்தத் தோப்பில் நாவலும் காயாவும் நெருங்கி நின்ற இருட்டில் ஒரு கிளை முழுக்க ரோஜா நிறக் கிண்ணங்கள் காம்போடு நின்றன. வெளிப்புறமெல்லாம் மயிர்க்கற்றை, உள்ளே மழைநீர். கூட வந்த ஊர்ப் பாட்டி தோப்புக் கிளையைத் தொட விடவில்லை. எல்லைக்கு வெளியே பாதையோரம் கிடந்த ஒரு சுள்ளியைக் காட்டி, "இதை எடுத்துக்கொள், இது தேவியுடையது இல்லை" என்றார். உன் முதல் கிண்ணம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. குக்கைனா ட்ரைகோலோமா அதன் பெயர்.

என் அருமைக் குடும்பமே, அந்தச் சீவலில் நீ காட்டியது மூடி. கிண்ணத்தின் உட்பக்கம் முழுக்கக் குழல் போன்ற பைகள், நோட்டில் கோடு இழுத்த அதே ஆஸ்கஸ்கள், நெருக்கி நிற்கும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டு வித்துகள். அந்தப் பையின் நுனியில் கொதிக்கும் சட்டிக்கு இருப்பதைப் போல ஒரு மூடி; உள்ளே அழுத்தம் ஏறினால் மூடி திறக்கும், வித்துகள் பாயும். பிரான்சில் பிரெஸ்ட் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்த குருவான் சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த மூடியைக் கவனித்தார்கள். இன்னொரு மருந்துக்கடைக்காரர் எமில் பூதியே, 1885-இல் கிண்ணப் பூஞ்சைகள் அனைத்தையும் மூடி உள்ளவை, மூடி இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தார். அதுவரை நிறத்தையும் உருவத்தையும் மயிரையும் வைத்து அடுக்கியிருந்த எத்தனையோ பழைய பிரிவுகள் அந்த ஒரு மூடியால் கலைந்தன. உன் கிண்ணங்களை லேசாக ஊதினால் ஒரு கணம் தயங்கிவிட்டுப் புகையாக வித்தைக் கக்கும். அந்தப் புகையை இத்தாலியின் மிக்கேலி 1729-லேயே எழுதிவைத்திருக்கிறார். குக்கைனாவில் பைகள் அனைத்தும் ஒரே சமயத்தில் முற்றுவதால் ஒரே மூச்சில் வெடிக்கின்றன. அதை முதன்முதலில் கண்ணால் பார்த்த என் மாணவி ஒருத்தி மராத்தியில் ஏதோ சொல்லிக் கைதட்டினாள். அந்தக் கைதட்டலும் உனக்குச் சேர வேண்டியது.

சார்கோசைஃபேசி, உன் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. மார்செல் லெ கால் என்ற பிரெஞ்சுக்காரர் வித்துகளின் மேல்தோலில் இருக்கும் கோடுகளையும் முகடுகளையும் பற்றி 1947-இல் பெரிய ஆய்வு ஒன்றை வெளியிட்டவர். உன் வகையினரின் மூடி நடுவில் உட்காராமல் ஓரமாகச் சாய்ந்திருக்கிறது, பையின் சுவரும் தடிப்பாக இருக்கிறது என்று பார்த்தார். மூடிக்கு அடியில் தடித்த வளையம் ஒன்றும் உண்டு என்று வரைந்தார். அந்த அடையாளத்தை வைத்து உன்னைத் தனிக் குடும்பமாக நினைத்தவர் அவர்தான். பெயரிடும் விதிப்படி முறையாக வெளியிட்டது 1968-இல் நார்வேக்காரர் ஃபின்-எகில் எக்ப்ளாட். ஆனாலும் உன் பெயரை எழுதும்போதெல்லாம் லெ கால் பெயரையும் எக்ப்ளாட் பெயரையும் சேர்த்தே எழுதுகிறோம். பின்னால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அந்த வளையம் லெ கால் வரைந்தபடி இல்லை என்று தெரியவந்தது. அவர் சேர்த்துவைத்த உறவு மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது. இதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன். ஒரு மனுஷி ஆயிரக்கணக்கான வித்துகளைப் பார்த்துப் பழகிய கண்ணோடு 'இவை ஒரே வீட்டினவை' என்று சொல்கிறாள். அதற்கு அவள் காட்டிய காரணம் விழுகிறது, சொன்ன உண்மை விழவில்லை. கண்ணின் பழக்கத்துக்கு இருக்கும் மதிப்பை எனக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டிய வேறொன்று இல்லை.

உன்னுடைய 1968-ஆம் ஆண்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும், சார்கோசைஃபேசி. அந்த ஒரே ஆண்டில் மூன்று பேர், மூன்று வழிகளில் உன்னிடம் வந்தார்கள். நார்வேயில் எக்ப்ளாட், மூடியுள்ள கிண்ணப் பூஞ்சைகளின் பேரினங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எடைபோட்டார். இந்தோனேசியாவின் மதுரா தீவில் பிறந்த மியென் ரிஃபாய், லண்டனின் கியூ தோட்டத்து உலர் மாதிரிகளை வைத்து ஆஸ்திரேலியப் பக்கத்துக் கிண்ணங்களை ஆராய்ந்து, உன்னையும் உன் பக்கத்து வீட்டினரான கறுத்த சார்கோசோமடேசியையும் சேர்த்துத் துணைத்துறையாக ஏற்றினார். பிரான்சின் நோயல் ஆர்பான் உருவத்தை விட்டுவிட்டு நிறத்தைக் கரைத்துப் பார்த்தார். உன் சிவப்பும் ஆரஞ்சும் காரட்டில் இருக்கும் அதே வகை நிறப்பொருள்களான கரோட்டினாய்டுகள் என்று காட்டி, வேதியியலைக்கொண்டு உறவு சொல்ல முயன்றார். நிறத்தை நம்பலாமா, கிண்ணத்தின் சதை அமைப்பை நம்பலாமா என்று இதன்பின் அமெரிக்காவின் ரிச்சர்ட் கோர்ஃப் கேட்ட கேள்வியால் பேரினங்கள் சில இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் இடம் மாறின. மூவரில் ரிஃபாய்தான் எனக்கு நெருக்கமானவர். வெப்பமண்டலத் தீவில் பிறந்த ஒருவர், ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து எடுத்துச்செல்லப்பட்டு லண்டன் அலமாரியில் கிடந்த மாதிரிகளைத் திறந்து பேசவைத்தார் என்பதில் எனக்குச் சொல்லமுடியாத நிறைவு.

என் கிண்ணக் குடும்பமே, முகச்சாயலை வைத்து உறவு முடிவுகட்டக்கூடாது என்பதையும் உன்னிடம்தான் கற்றேன். மண்ணில் ஆரஞ்சுப்பழத்தோல் கிடப்பதுபோல முளைக்கும் அலூரியாவை யாரும் உன் பிள்ளை என்றே சொல்வார்கள். அது பைரோனிமடேசி வீட்டுப் பிள்ளை. பழுப்பாக முயல்காது வடிவில் கொத்தாக எழும் வின்னியாவை யாரும் உன்னோடு சேர்க்கமாட்டார்கள். அது உன்னுடையது. வித்துக்குள் போய்ப் பார்க்கச் சொன்னவர் பிரெஞ்சு ஆய்வாளர் பெர்த்தே; 1964-இல் அவர் வித்துகளுக்குள் இருக்கும் உட்கருக்களை எண்ணினார். பெசைசேசியின் வித்தில் ஒரே உட்கரு, ஹெல்வெல்லேசியின் வித்தில் நான்கு. உன் வித்தில் பல. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளுக்குள் இன்னும் சிறிய துகள்களை எண்ணி உறவு தேடிய அந்தப் பொறுமையை நினைத்து நான் பலமுறை அசந்துபோயிருக்கிறேன். அயோடினும் சாட்சி சொல்லும். பெசைசேசியின் பை நுனி அதில் நீலமாகும், உன்னுடையது ஆகாது.

சார்கோசைஃபேசி, நீ எனக்கு அறிமுகப்படுத்திய மனிதர்களை எப்படி மறப்பேன்? மோர்டிகாய் கியூபிட் குக், ஆங்கிலேயக் கிராமத்துக் கடைக்காரர் ஒருவரின் மகன். ஜவுளிக்கடையில் வேலை கற்று, வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, பள்ளியில் பாடம் நடத்தி, தானாகவே பூஞ்சையியல் கற்றவர். லண்டனில் இருந்த இந்தியா மியூசியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேலை பார்த்தார். நம் நாட்டுப் பூஞ்சைகள் பலவும் அவர் கைவழியாகப் பெயர் பெற்றன. உன் மயிர்க்கிண்ணங்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் ஏற்கெனவே மா குடும்பத்து மரமொன்றுக்கு இருந்ததால், 1891-இல் ஓட்டோ குன்ட்சே அதை நீக்கி, குக்கின் பெயராலேயே குக்கைனா என்று சூட்டினார். உன் இன்னொரு பேரினமான ஃபிலிப்சியா, ஷ்ரூஸ்பரி நகரத்துத் தையல்காரர் வில்லியம் பிலிப்ஸின் பெயரைத் தாங்குகிறது. பிரிட்டனின் கிண்ணப் பூஞ்சைகளுக்கு 1887-இல் கையேடு எழுதியவர் அவர். துணி வெட்டிய கையால் பூஞ்சையையும் சீவியிருக்கிறார். பிறகு நம்மவர். பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் கர்த்தார் சிங் திந்த், மசூரி மலைகளின் கிண்ணப் பூஞ்சைகளை மாணவர்களோடு வரிசையாக எழுதிக்கொண்டே போனார். கோர்ஃபும் வரைச் என்பவரும் 1971-இல் உனக்குள் ஒரு புதுப் பேரினத்தைச் சேர்த்து அதற்குத் திந்தியா என்று பெயர் வைத்தார்கள். உன் பேரினங்களின் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் என் மாணவர்களிடம் விரலால் தொட்டுக் காட்டுவேன்.

நீ எனக்கு இந்த ஊரையும் கொடுத்தாய், சார்கோசைஃபேசி. புனேயில் கோபால் கணேஷ் அகர்கர் சாலையில் இருக்கிறது அகார்கர் ஆராய்ச்சி நிலையம். சாலைக்குப் பெயர் தந்தவர் சீர்திருத்தக்காரர். நிலையத்துக்குப் பெயர் தந்தவர் சங்கர் புருஷோத்தம் அகார்கர், தாவரவியலாளர், மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நன்னீர் ஜெல்லிமீனைக் கண்டெடுத்தவர். இருவரையும் ஒருவர் என்று நினைப்பவர்களை இந்த ஊரில் நிறையப் பார்க்கலாம். 1946-இல் அகார்கர் தொடங்கிய மகாராஷ்டிர விஞ்ஞான வளர்ப்புச் சங்கத்தின் ஆராய்ச்சி நிலையம்தான் 1992-இல் அவர் பெயரைப் பெற்றது. எம். என். காமத் அங்கே பூஞ்சையியலை வேரூன்றச் செய்தார். பூஞ்சையியலாளர் அஜ்ரேகர் பெயரில் உலர்மாதிரிக் காப்பகமும், நாட்டுக்கே பொதுவான பூஞ்சை வளர்ப்புச் சேமிப்பகமும் அங்கே இருக்கின்றன. மராத்தி நாக்கில் ஒட்டாமல் தவித்த காலத்தில், அந்தக் காப்பகத்து மனிதர்களோடு எனக்கு இருந்த பொதுமொழி நீதான். ஆஸ்கஸ் என்றால் அவர்களுக்கும் ஆஸ்கஸ். ஒரு காகித உறைக்குள் சுருங்கிக் கறுத்துக் கிடக்கும் கிண்ணத்தை ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நனைத்தால் பையும் மூடியும் வித்தும் திரும்ப விரிகின்றன. நிறம் மட்டும் திரும்புவதில்லை. எனவே காட்டில் பார்த்த நிறத்தை அங்கேயே, அந்த மழையிலேயே எழுதிவிட வேண்டும் என்பது நீ வைத்த கட்டளை. அதன்பின் நான் எதையும் 'பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்று விடுவதில்லை. உன்னோடு சம்பந்தமில்லாத காரியங்களிலும்தான்.

அன்புக் குடும்பமே, மரபணு வரிசை வந்தபோது உன்னைப் போட்டுக் கலைத்துவிடுவார்களோ என்று உன் பிரியர்கள் பலர் பயந்திருப்பார்கள். 1999-இல் ஃபிரான்சிஸ் ஹாரிங்டனும் டொனால்ட் ஃபிஸ்டரும் கூட்டாளிகளும் பெசைசேல்ஸ் துறையின் ரைபோசோம் மரபணுவைப் படித்தார்கள். நீ ஒரே கொடிவழியாக நின்றாய். மண்ணுக்கடியில் உருண்டையாகக் கிடக்கும் ட்ரஃபிளும் தேன்கூட்டுத் தொப்பி போட்ட மொரேலும் உன் துறையினரே என்பதும் உறுதியானது. எல்லோருக்கும் இப்படி நல்ல முடிவு வரவில்லை. பெரும்பாலும் டெக்சாஸிலும் ஜப்பானிலும் முளைக்கிற, வெடித்து நட்சத்திரமாக விரிகிற கோரியோஆக்டிஸ், பல காலம் உன் பக்கத்து வீட்டில் குடியிருந்தது. 2008-இல் அதற்கும் அதன் நெருங்கிய உறவுகளுக்கும் கோரியோஆக்டிடேசி என்று தனிவீடு கட்டிக்கொடுத்தார்கள். வகைப்பாடு என்பது முடிந்துபோன பட்டியல், அதில் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்பவர்களை நான் சந்திக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. நம் மலைகளிலிருந்து எடுத்த வரிசைகள் உன் மரத்தில் எத்தனை சொற்பம்! தெரேசா இதுர்ரியாகாவும் ஃபிஸ்டரும் 2006-இல் குக்கைனாவுக்குத் தனிநூல் அளவுக்கு ஆய்வு எழுதினார்கள். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் மாதிரிகள் தாங்கி நிற்கின்றன. மாதிரி சேர்க்க ஆள் வேண்டும், ஈரத்தில் இறங்க ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், பத்திரமாக வைக்க அலமாரி வேண்டும். உனக்கு நன்றி சொல்லும் மடலில் இதை எழுதாவிட்டால் என் நன்றி பாதிதான்.

சார்கோசைஃபேசி, கடைசியாகச் சொல்ல வைத்திருந்த கடன் என் மாணவர்களைப் பற்றியது. இப்போது நான் கரும்பலகையில் பெசைசா வரைவதில்லை. ஆடி பிறந்ததும் எஸ்.டி. பஸ்ஸில் முள்ஷிப் பக்கம் போகிறோம். தேவ்ராய்க்குள் பார்ப்பது மட்டும். எடுப்பது எல்லைக்கு வெளியே, ஊராரைக் கேட்டபின். முள்ஷியிலிருந்தே படிக்க வந்த பெண்ணொருத்தி, தன் ஊர் அம்மன் தோப்பில் சின்ன வயதில் மிதித்துப்போன கிண்ணங்களுக்கு ரிஃபாயும் லெ காலும் பெயர் தேடியிருக்கிறார்கள் என்று கேட்டதும் நோட்டை எடுத்து அந்தப் பெயர்களை மராத்தியில் எழுதிக்கொண்டாள். இந்த மழையில் அவள் கொண்டுவந்த ஒரு கிண்ணம் என் மேஜையில் ஈரப்பஞ்சின்மேல் இருக்கிறது. பட்டாணி அளவு, ஆரஞ்சு நிறம், காம்பில்லை, மக்கிய கிளையில் முளைத்தது. உன்னுடையதாகவும் இருக்கலாம், பைரோனிமடேசியுடையதாகவும் இருக்கலாம். பையின் சுவர் தடிப்பாகத்தான் தெரிகிறது. மூடி சாய்ந்திருக்கிறதா என்பதில் நானும் அவளும் இரண்டு பக்கம் நிற்கிறோம். நாளைக் காலை அசிட்டோகார்மைனில் சாயமேற்றி வித்துக்குள் உட்கரு ஒன்றா பலவா என்று எண்ணப் போகிறாள். எண்ணி முடித்ததும் உனக்கு எழுதுகிறேன்.


புனேயிலிருந்து ஒரு தாவரவியல் ஆசிரியை